கொய்யாக் குச்சி வேர்விட மறுப்பது ஏன்? பயிர்ப்பெருக்க முறைகள் குறித்து ஓர் இழை

பதிவு 1: கொய்யாநிழல்

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறம் 30 ஆண்டுகளாக நிற்கும் ஒரு கொய்யா மரத்தைக் காப்பாற்ற முயன்று, இருமுறை தோற்ற பிறகு இதை எழுதுகிறேன். அடித்தண்டின் ஒரு பக்கம் உளுத்துப் பொந்தாகிவிட்டது. பலத்த காற்று வந்தால் தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அது என் தாயார் நீர் ஊற்றி வளர்த்த மரம். அதன் பழத்தின் மணத்தை வேறு எந்தக் கொய்யாவிலும் நான் கண்டதில்லை என்பதால், அதே மரத்தின் கன்றுதான் எனக்கு வேண்டும்.

முதல் முறை பென்சில் பருமனுள்ள 40 குச்சிகளை வெட்டி, மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவில் கலந்த தொட்டிகளில் நட்டேன். வேரூக்கியாக இண்டோல் பியூட்டிரிக் அமிலக் கரைசலை லிட்டருக்கு 4 கிராம் வீதம் தயாரித்து, அடி நுனியைச் சில நொடிகள் முக்கி எடுத்தேன். இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ எல்லாக் குச்சிகளும் துளிர்த்தன. வெற்றி பெற்றுவிட்டதாகவே நம்பினேன். ஐந்தாம் வாரத்தில் துளிர்கள் வாடிவிட, பிடுங்கிப் பார்த்தபோது ஒரு குச்சியில்கூட வேர் இல்லை. இரண்டாம் முறை வேரூக்கியின் அளவை இருமடங்காக்கினேன். அடிப்பகுதி முன்னைவிட விரைவாகக் கறுத்து அழுகியது. அதே கலவையில், அதே நாளில் நட்ட செம்பருத்திக் குச்சிகளோ மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிட்டன. நான் எங்கே தவறினேன் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதிவு 2: நாற்றங்கால்

வணக்கம் ஐயா. துளிர்த்துப் பின் வாடுவது குச்சிகளின் வழக்கம். குச்சிக்குள் சேர்ந்திருக்கும் மாவுப்பொருளைச் செலவழித்து மொட்டு விரிகிறது. அந்த இருப்பு தீர்வதற்குள் கீழே வேர் உருவாகாவிட்டால், இலை இழுக்கும் நீரைத் தர ஆளில்லாமல் குச்சி காய்ந்துவிடும். ஆகவே துளிரைப் பார்த்து மகிழ வேண்டாம் என்றுதான் எங்கள் நாற்றுப்பண்ணைக்கு வரும் புதியவர்களிடம் முதலில் சொல்வேன்.

இரண்டு செய்திகள் தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். குச்சிகளை மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தீர்கள்? மரம் விதையிலிருந்து வந்ததா, ஒட்டுக் கன்றா, பதியக் கன்றா?

பதிவு 3: கொய்யாநிழல்

உடனே பதில் தந்தமைக்கு நன்றி ஐயா. வெயில் நன்கு படுகிற, காய்த்து ஓய்ந்த உச்சிக் கிளைகளிலிருந்து எடுத்தேன். அவை திடமாக இருந்ததால் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன். மரம் விதையிலிருந்து தானாக முளைத்தது. தின்று எறிந்த பழத்திலிருந்து வந்ததென்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பதிவு 4: இலைநரம்பு

கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவள் என்ற முறையில் இங்கே நுழைகிறேன். உங்கள் வேரூக்கியிலும் கலவையிலும் பெரிய குறை இல்லை. குறை, குச்சி எடுத்த இடத்தில் இருக்கிறது. நாம் குச்சியை வெட்டி எடுத்ததும் அது ஒரு புதுச் செடியாகிவிட்டதென்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது தாய்மரத்தில் எங்கே இருந்தது, எந்த வயதில் இருந்தது என்பதைத் தன்னோடு எடுத்துக்கொண்டே வருகிறது.

விதையிலிருந்து வளரும் மரத்திற்கு ஓர் இளமைப் பருவமும் ஒரு முதிர்ந்த பருவமும் உண்டு. இளமையில் அது பூக்காது, ஆனால் எளிதில் வேர்விடும். முதிர்ந்தபின் பூக்கும், ஆனால் வேர்விடும் ஆற்றல் குறைந்துவிடும். முழு மரமும் ஒரே சமயத்தில் முதிர்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. நுனியில் உள்ள வளர்முனைதான் பருவம் மாறுகிறது. அடிமரமோ அது உருவான காலத்தின் இளமையைப் பெருமளவு தக்கவைத்துக்கொள்கிறது. அதனால் நேற்றுத் துளிர்த்த உச்சிக் கிளை பருவத்தில் மூத்ததாகவும், 30 ஆண்டுகளுக்கு முன் உருவான அடிமரத்திலிருந்து கிளம்பும் தளிர் பருவத்தில் இளையதாகவும் இருக்கிறது. ஐவி என்னும் கொடியில் இதைக் கண்ணாலேயே காணலாம். இளமைப் பருவத்தில் அதன் இலைகள் மடல் மடலாகப் பிளந்திருக்கும், தண்டு சுவரைப் பற்றி ஏறும். முதிர்ந்தபின் இலையில் பிளவு மறைந்து, கிளை புதராக நின்று பூக்கும். முதிர்ந்த கிளையில் எடுத்த குச்சி அரிதாகவே வேர்விடும். விட்டாலும் அது கொடியாக ஏறாமல் புதராகவே நிற்கும்.

செம்பருத்தியை வைத்துக் கொய்யாவை அளக்கவும் கூடாது. தண்டில் புதிதாக வேர் தோன்ற வேண்டுமானால், சாறு கடத்தும் குழாய்களுக்கு அருகே உள்ள சில செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மீண்டும் பிரியத் தொடங்கி, வேர்முனையாகத் திரள வேண்டும். வில்லோ, பாப்ளர் போன்ற மரங்களின் தண்டுக்குள் அத்தகைய வேர்முனைகள் முன்கூட்டியே உருவாகி உறங்கிக் கிடப்பதால், ஈரம் பட்டால் போதும், வெளியே வந்துவிடும். செம்பருத்தியில் அந்தச் செல்கள் வேரூக்கியின் அழைப்புக்கு விரைந்து இணங்குகின்றன. முதிர்ந்த கொய்யாவின் செல்களோ எளிதில் இணங்குவதில்லை. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி வேரைத் தூண்டும் என்பது 1930-களின் நடுவிலேயே தெளிவாகிவிட்டது. ஆனால், ஏற்கும் நிலையில் இல்லாத திசுவுக்கு அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வேர் வராது, அடிநுனி கருகும். உங்கள் இரண்டாம் முயற்சியில் நடந்தது அதுதான். லிட்டருக்கு 8 கிராம் என்பது நன்கு முற்றிய வன்தண்டுகளுக்கே உச்ச அளவாகக் கருதப்படுவது.

பதிவு 5: மாடித்தொட்டி

நான் தொட்டிச் செடிகள் மட்டும் வளர்ப்பவள். மரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேடம் எழுதியதைப் படித்ததும், நெடுநாளாக எனக்கு விளங்காத ஒன்று நினைவுக்கு வந்தது. மஞ்சள் விளிம்புள்ள மருள் செடியின் ஓர் இலையைத் துண்டுகளாக வெட்டி மணலில் செருகினேன். இரண்டு மாதத்திற்குப் பிறகு வேரும், அதற்குப் பிறகு பக்கத்தில் குட்டிக் கன்றும் வந்தன. கன்றுகள் அத்தனையும் விளிம்பில்லாத வெறும் பச்சை. இலையில் இருந்த மஞ்சள் எங்கே போயிற்று? மேலும், ஒரு துண்டு மட்டும் கடைசிவரை வேரே விடவில்லை.

பதிவு 6: இலைநரம்பு

நல்ல கேள்வி அம்மா. வேர்விடாத அந்தத் துண்டைத் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள். தண்டுக்கும் இலைக்கும் அடி எது, நுனி எது என்ற திசையுணர்வு உண்டு; நாம் கவிழ்த்து நட்டாலும் அது மாறுவதில்லை. அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டும் பழக்கம் வந்ததே, கலந்துபோனாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

மஞ்சள் விளிம்பைப் பொறுத்தவரை, அந்தச் செடி ஒரே வகைச் செல்களால் ஆனதன்று. பச்சையம் உருவாக்கும் செல்களும் அதை உருவாக்க இயலாத செல்களும் அடுக்கடுக்காக ஒன்றையொன்று போர்த்தி வளர்கின்றன. இத்தகைய கலப்பு உடலைக் கைமீரா என்கிறோம். வளர்முனை கெடாமல் இருக்கும்வரை இந்த அடுக்கு முறை தொடரும். இலைத் துண்டிலிருந்து கன்று வரும்போதோ, உள்ளே இருக்கும் பச்சை அடுக்கின் செல்களிலிருந்தே புதிய முனை எழுகிறது. ஆகவே போர்வை கிடைப்பதில்லை. மஞ்சள் விளிம்பு வேண்டுமானால் கிழங்குத் தண்டோடு கன்றைப் பிரித்து நடுவதுதான் வழி. முள்ளில்லாத பிளாக்பெரி வகைகள் சிலவற்றில் வேர்த்துண்டை நட்டால் முள்ளுள்ள செடி முளைப்பதற்கும் இதுவே காரணம்.

பதிவு 7: நாற்றங்கால்

மேடம் சொன்னதற்கு எங்கள் தொழிலிலிருந்து இரண்டு சாட்சிகள் தருகிறேன். மிளகுக் கொடியில் மேல்நோக்கி ஏறும் தண்டில் குச்சி எடுத்தால் கொடி வரும். பக்கவாட்டில் காய்க்கும் கிளையில் எடுத்தால் ஏறத் தெரியாத புதர் மிளகு வரும். காப்பிச் செடியில் நிமிர்ந்த தண்டின் குச்சி நிமிர்ந்து வளரும். படுக்கைக் கிளையின் குச்சியோ ஆண்டுக்கணக்கில் தரையோடு படர்ந்து கிடக்கும். இரண்டும் ஒரே செடியிலிருந்து ஒரே நாளில் வெட்டியவை என்றாலும் இப்படித்தான்.

இனி கொய்யாவுக்கு வருவோம். இரண்டு வழிகளை ஒருங்கே தொடங்குங்கள். ஒன்று, பொந்து இல்லாத பக்கத்தில் தாழ்வாக உள்ள ஒரு கிளையை அடிமரத்தை ஒட்டி 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அந்தக் கட்டையிலும் அடிமரத்திலும் தளிர்கள் கிளம்பும். அவற்றைக் கிளம்பிய சில வாரங்களிலேயே, தண்டு நான்கு பட்டைகளாகப் பச்சையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்; உருண்டு பழுப்பேறிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் மரம் விதை மரம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஒட்டு மரமாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர் வேர்ச்செடியினுடையது, அதாவது வேருக்காகக் கீழே வைத்த வேறொரு செடியினுடையது. அதைப் பெருக்கினால் வேறொரு மரத்தைப் பெருக்கியதாகும். பதியக் கன்றாக இருந்தால், அதன் அடியே முதிர்ந்த கிளையாகப் பிறந்ததுதான். அங்கே இந்த இளமை இராது.

இரண்டாவது வழி விண்பதியம். கிளை மரத்திலேயே இருக்க, அங்கேயே வேர்விட வைத்த பிறகு வெட்டுவதால், முதிர்ந்த கிளைக்கும் இது ஒத்துவரும். விரல் பருமனுள்ள, ஓராண்டு வயதான கிளையைத் தேர்ந்தெடுத்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இரண்டு வளைய வெட்டுகள் போடுங்கள்; இடையே 3 செ.மீ. இருக்கட்டும். அவ்விரண்டையும் இணைத்து நெடுக்காக ஒரு கீறல் போட்டால் பட்டை வளையமாகக் கழன்று வரும். பெரும்பாலானோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உரித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்புதான் கேம்பியம் என்னும் வளர்படலம். அதை அப்படியே விட்டால் சில வாரங்களில் பட்டையை மீண்டும் உருவாக்கி மேலையும் கீழையும் இணைத்துவிடும். பிறகு வேர் வர வேண்டிய தேவையே கிளைக்கு இராது. கத்தியின் முதுகால் வழவழப்பு நீங்கி, கட்டை சொரசொரப்பாகும்வரை சுரண்டுங்கள்.

பட்டையை நீக்குவதால் கிளை சாகாதா என்று கேட்பார்கள். நீர் உள்ளே உள்ள கட்டை வழியாக ஏறுகிறது, அதை நாம் தொடவில்லை. இலையில் உருவான சர்க்கரையும் ஆக்சினும் பட்டை வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை அறுபட்டதால் அவை வெட்டின் மேல்விளிம்பில் தேங்குகின்றன. அதனால்தான் வேர் எப்போதும் மேல்விளிம்பிலிருந்து வருகிறது. வேரூக்கியைத் தடவுவதானால் அங்கே தடவுங்கள். ஊறவைத்த ஸ்பேக்னம் பாசியைச் சொட்டு நீர் விழாதபடி பிழிந்து, வெட்டைச் சுற்றி உருண்டையாக வைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் இறுக்கச் சுற்றி இரு முனைகளையும் கட்டுங்கள். மேல்முனைக் கட்டு தளர்ந்திருந்தால் மழைநீர் இறங்கி அழுகிவிடும். அதன் மேல் அலுமினியத் தாளைச் சுற்றினால் இருட்டும் கிடைக்கும், வெயிலின் சூடும் ஏறாது. இருட்டு வேருக்கு உகந்தது. ஐந்து முதல் எட்டு வாரங்களில் அலுமினியத் தாளை விலக்கிப் பார்த்தால் பாலித்தீன் வழியே வேர் தெரியும். வெள்ளை வேரைக் கண்டதும் வெட்டிவிடாமல், அது கிளைத்துச் சற்றுப் பழுப்பேறும்வரை பொறுங்கள்.

பதிவு 8: விதைப்பை

இந்த இழையை மிகுந்த ஆர்வத்தோடு படித்து வருகிறேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்வது என் கடமை என்று நினைக்கிறேன். குச்சி, பதியம், ஒட்டு என்று நாம் பேசும் எல்லாமே ஒரே மரத்தைப் படியெடுக்கும் வழிகள். படியெடுத்தால் குணத்தோடு குறையும் படியாகும். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குக் கருகல் நோய் நுழைந்தபோது அவ்வளவு பெரிய அழிவு நேர்ந்ததற்கு, ஏழை மக்கள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே வகையைக் கிழங்கிலிருந்து கிழங்காக நட்டு வந்ததும் ஒரு காரணம். ஏற்றுமதி வாழையில் கோலோச்சிய குரோ மிஷெல் வகை, பனாமா வாடல் நோயால் 1950-களிலும் 60-களிலும் கைவிடப்பட்டு, அந்த இடத்திற்குக் கேவண்டிஷ் வந்தது. அதுவும் பக்கக்கன்றாலும், சிறு திசுவை ஆய்வகத்தில் செடியாக்கும் திசு வளர்ப்பாலும் பெருகிய ஒரே உடல்தான் என்பதால், இப்போது அந்நோயின் புதிய இனம் அதையும் தாக்குகிறது.

விதை அப்படியன்று. ஒவ்வொரு விதையும் ஒரு புதிய சேர்க்கை. தாய்ச்செடியில் நச்சுயிரி (வைரஸ்) இருந்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை விதை வழியே கடப்பதில்லை. விதைக்கு உள்ள பொறுமையும் வேறெதற்கும் இல்லை. இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் பழைமையான பேரீச்சை விதை ஒன்று 2005-இல் முளைத்தது. மாவும் பலாவும் ரப்பரும் போன்ற விதைகள் உலர்ந்தால் செத்துவிடும் என்பதை மறுக்கவில்லை. அவற்றைப் பழத்திலிருந்து எடுத்த உடனேயே விதைக்க வேண்டும்.

விதை என்றாலே தாயின் குணம் போய்விடும் என்பதும் முழு உண்மையன்று. எலுமிச்சைக் குடும்பத்தின் பல வகைகளிலும் மாவின் சில வகைகளிலும் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றுள் தாயின் சூல்திசுவிலிருந்து நேரடியாக உருவானவை மகரந்தத்தின் மரபுப் பங்கு இல்லாமல் தாயை அப்படியே ஒத்திருக்கும். கொய்யாவில் இது கிடையாது என்றாலும், தம் பிள்ளைகள் வேறாக இருப்பதில் அந்த மரத்திற்கு என்ன இழப்பு என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் தாயார் வளர்த்த மரமும் ஒரு விதையின் தற்செயல் பரிசுதானே ஐயா?

பதிவு 9: நாற்றங்கால்

விதைப்பை அவர்களின் கருத்தை மதிக்கிறேன்; பாதியை ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட மரத்தை இழக்கப்போகிறவரிடம் விதையைப் போடுங்கள் என்று மட்டும் சொல்வது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. விதையையும் படியையும் எதிரெதிராக நிறுத்தவும் தேவையில்லை. அவ்விரண்டையும் ஓருடலாக்கும் வேலைதான் ஒட்டு கட்டுதல்.

1860-களில் ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியபோது, எந்த மருந்தும் முழுப் பலன் தரவில்லை. அப்பூச்சியோடு பழகித் தாக்குப்பிடிக்கக் கற்றிருந்த அமெரிக்கத் திராட்சை இனங்களின் வேரில் ஐரோப்பிய வகைகளை ஒட்டியதே அவற்றைக் காத்தது. ஆப்பிளில் எம்.9 என்ற வேர்ச்செடியில் கட்டினால், மரம் இயல்பான உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோடு நின்று, விரைவிலேயே காய்க்கத் தொடங்கும். வேர் வேறு, பழம் வேறு; இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை வேறெந்த முறையிலும் நமக்குக் கிடைப்பதில்லை.

கொய்யாவுக்கு ஆப்பு ஒட்டு ஒத்துவரும். தாய்மரத்தில் தேர்ந்தெடுத்த குச்சியின் இலைகளை, காம்பை மட்டும் விட்டு, எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே நறுக்கிவிடுங்கள். காம்புகள் உதிர்ந்து மொட்டுகள் புடைத்திருக்கும் நாளில் 15 செ.மீ. நீளத்திற்கு வெட்டி எடுத்து, அடியை இருபுறமும் சீவி 4 செ.மீ. நீள ஆப்பாக்குங்கள். பென்சில் பருமனுள்ள விதைக் கன்றின் தலையை வெட்டி, நடுவே பிளந்து, அதற்குள் ஆப்பை இறக்க வேண்டும். கத்தி ஒரே இழுப்பில் ஓட வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் பரப்பு அலையலையாகி, இடையே காற்று தங்கும். பட்டைக்கு அடியில் உள்ள பச்சைக் கோடு இரண்டிலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பருமன் ஒவ்வாவிட்டால் ஒரு பக்கமாவது பொருந்தட்டும். நடுவில் அழகாக நிறுத்திவைத்து இரு பக்கமும் பொருந்தாமல் போன ஒட்டுகளை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கட்டியபின் மேலே பாலித்தீன் உறையைத் தொப்பி போல் மாட்டி, துளிர் விரிந்ததும் எடுத்துவிடுங்கள். அந்த வேர்ச்செடிக்கு விதைப்பை அவர்கள் விரும்பும் விதைக் கன்றையே பயன்படுத்தலாம்.

பதிவு 10: மாடித்தொட்டி

அப்படியானால் வாழையையும் தென்னையையும் ஏன் ஒட்டுவதில்லை ஐயா?

பதிவு 11: இலைநரம்பு

வாழை, தென்னை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே சுற்றி ஓடும் கேம்பியம் இல்லை. சாறு கடத்தும் குழாய்க்கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே பொருத்துவதற்குக் கோடு இல்லை. 2021-இன் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு, கோதுமை போன்றவற்றின் முளைக்கும் விதையில், கருவின் திசுவைக் கொண்டே ஒட்ட முடியும் என்று காட்டியிருக்கிறது. வளர்ந்த தண்டுகளில் செய்வது இன்னும் கைகூடாதது.

இதற்கிடையே கொய்யாநிழல் அவர்கள் தனிமடலில், நோயுள்ள மரத்திலிருந்து எடுத்தால் நோயும் வருமா என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். அடிமரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை பெரும்பாலும் செத்த உட்கட்டையிலேயே தங்கும். நீங்கள் எடுக்கும் கிளையின் வெட்டுமுகம் பழுப்புக் கோடுகளோ புள்ளிகளோ இன்றி வெளுப்பாக இருந்தால் அச்சமில்லை. ஆனால் கிளைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து உலர்ந்துவந்தால் அது வாடல் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட மரத்திலிருந்து எதையும் எடுக்கலாகாது. நச்சுயிரி வேறு வகை. அது செடியின் உடல் முழுவதும் பரவும், ஆனால் இரண்டொரு செல் அடுக்குகளே உள்ள வளர்முனையை எட்டாமல் பின்தங்கும். 1952-இல் ஜார்ஜ் மோரெலும் மார்ட்டினும் டாலியாச் செடியின் அந்த நுண்முனையை மட்டும் பிரித்து வளர்த்து, நச்சுயிரி நீங்கிய செடிகளைப் பெற்றார்கள். முராஷிகேயும் ஸ்கூகும் 1962-இல் வெளியிட்ட ஊட்டக் கலவைதான் இன்றும் திசு வளர்ப்புக் கூடங்களில் பெரிதும் புழங்குகிறது. வாழைக் கன்றோடு முடிக்கொத்து நோய் ஊர்விட்டு ஊர் போவதைத் தடுக்க, பரிசோதித்த தாய்ச்செடியிலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்றுகளைப் பரிந்துரைப்பதும் இதனால்தான். பரிசோதனை இன்றி எடுத்தால் திசு வளர்ப்பும் நோயை ஆயிரமாயிரமாகப் படியெடுக்கவே செய்யும்.

பதிவு 12: கொய்யாநிழல்

பதினான்கு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்திற்குப் பொறுத்தருள்க. உங்கள் அறிவுரைகளை ஒன்றுவிடாமல் பின்பற்றினேன். நடந்ததை நடந்தபடி சொல்வது உங்களுக்கு நான் செய்யும் நன்றி.

ஆறு கிளைகளில் விண்பதியம் கட்டினேன். நான்கில் வேர் வந்தது. ஐந்தாவதில் மேல்கட்டு தளர்ந்து பாசி முழுவதும் காய்ந்துவிட்டது. ஆறாவதைப் பிரித்துப் பார்த்தபோது, சுரண்டிய இடத்தின் ஒரு பக்கத்தில் விரற்கடை அகலத்திற்கு மெல்லிய புதுப்பட்டை மேலிருந்து கீழே பாலம் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் நான் சரியாகச் சுரண்டவில்லை என்பது கண்கூடாகத் தெரிந்தது. மற்ற மூன்று பக்கங்களிலும் மேல்விளிம்பு தடித்துப் பொரிந்திருந்தும் ஒரு வேர்கூட இல்லை. ஐயா எழுதியதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

வேர்விட்ட நான்கையும் முதலில் பாதி வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுவதும் பிரித்து, இலைகளில் பாதியைக் குறைத்து, நிழல்வலைக்கு அடியில் நான்கு வாரம் வைத்திருந்தேன். மூன்று நிலைத்துவிட்டன. அடிமரத்தில் கிளம்பிய தளிர்களிலிருந்து 12 குச்சிகள் எடுத்தேன்; லிட்டருக்கு 2 கிராம் கரைசலில் முக்கி, இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி விட்டு, தொட்டியின் மேல் பாலித்தீன் கூடாரம் அமைத்துக் காலையும் மாலையும் நீர்த்தெளித்தேன். அவற்றுள் ஐந்து வேர் பிடித்தன. முதல் இரு முறையும் 80 குச்சிகளில் ஒன்றுகூடத் தேறாத அதே மரம்தான் இது.

மரம் சென்ற மாதம் சாய்ந்துவிட்டது. விழுந்த மரத்தில் கடைசியாகப் பறித்த பழங்களின் விதைகளையும் விதைத்திருக்கிறேன். விதைப்பை அவர்கள் கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. முப்பதுக்கும் மேல் முளைத்துள்ளன.

ஒன்று கேட்க வேண்டும். பதியக் கன்றுகளில் ஒன்று முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்குள் புதுத் துளிரின் இலைக்கக்கத்தில் இரண்டு பூமொட்டுகள் வந்திருக்கின்றன. அடித்தளிர்க் குச்சிகளில் வந்த கன்றுகள் அதைவிட உயரமாக வளர்ந்தும் அப்படி ஒன்றும் காணவில்லை. இது கோளாறா?

பதிவு 13: நாற்றங்கால்

கோளாறு இல்லை ஐயா. பதியக் கன்று உச்சிக் கிளையிலிருந்து வந்தது. காய்த்துப் பழகிய கிளை அது, தொட்டிக்கு இடம் மாறியதால் அதன் பருவம் மாறிவிடவில்லை. அடித்தளிர்க் கன்று தன் இளமையைக் கழித்த பிறகே பூக்கும். ஆனால் அந்த இரண்டு மொட்டுகளையும் இன்றே கிள்ளிவிடுங்கள். மூன்று மாத வேரை வைத்துக்கொண்டு அது பழம் தாங்கினால், வேருக்குப் போக வேண்டியது பழத்திற்குப் போய், கன்று அங்கேயே நின்றுவிடும். ஓராண்டுக்கேனும் காய்க்க விடாதீர்கள். முளைத்த விதைக் கன்றுகளில் தண்டு தடித்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பதியக் கன்றுகள் கிளைத்ததும் அவற்றிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டலாம்.

பதிவு 14: கொய்யாநிழல்

கிள்ளிவிட்டேன் ஐயா. விரலில் ஒட்டிய பச்சை வாசனை அந்த மரத்தினுடையதேதான். விதைக் கன்றுகளில் எட்டைத் தனித் தொட்டிகளுக்கு மாற்றியிருக்கிறேன்.